பில்டரை சர்வீஸ் ஆள் மாற்றிவிடுகிறார். வாட்டர் டிஸ்பென்சரை நாமும் கழுவ வேண்டுமா?

கழுவத்தான் வேண்டும். பில்டர் மாற்றுவது ஒரு வேலை, சுத்தம் செய்வது வேறு வேலை. பல வீடுகளில் சர்வீஸ் ஆள் பில்டரைக் கழற்றி மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அழுக்கு சேர்வதோ பில்டரைத் தாண்டிய இடத்தில்: உள்தொட்டியில், டியூபில், தண்ணீர் விழும் மூக்கில்.

காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகம் அதில் குளோராமின் என்ற கிருமிநாசினியைக் கலந்து அனுப்புகிறது. வழியில் கிருமி பெருகாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கார்பன் பில்டர் குளோராமின் வாடையை எடுக்கும்போது அந்தக் காவலையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. அப்புறம் தொட்டியில் தேங்கும் தண்ணீருக்குப் பாதுகாப்பு எது? இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், உள்ளே இருப்பதை முழுக்க வடித்துவிட்டுத்தான் முதல் டம்ளரைப் பிடிக்க வேண்டும்.

மூக்கிலிருந்து தொடங்குங்கள். கைப்பேசி விளக்கை அடித்துக் கீழிருந்து பாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றினால், நாள்பட்ட மெஷினில் இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ வழவழவென்று ஒட்டி வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலின் வாயை அதில் இடித்துத்தான் பிடிப்பார்கள், சொன்னாலும் கேட்பதில்லை. வாரம் ஒருமுறை வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தால் போதும். கீழே உள்ள தட்டையும் அப்படியே விடாதீர்கள். அதில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தாராளம்.

வெந்நீர்த் தொட்டிக்கு சிட்ரிக் ஆசிட் நல்லது. வினிகர் வாடை லேசில் போகாது. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்து, தண்ணீர் வால்வை மூடி, நன்றாக ஆறவிட்டபின் பின்பக்க அடைப்பைத் திறந்து வடியுங்கள். அவசரப்பட்டால் கை வெந்துவிடும். பில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று கரைத்து ஊற்றி அரைமணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறம் புளிப்பு துளியும் தெரியாத வரை அலசுங்கள். இங்கே தண்ணீரில் உப்பு அதிகமில்லை, அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை செய்தாலே தாராளம். பிளீச்சை மட்டும் இதோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். தொட்டி நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்த பிறகே சூடாக்கும் சுவிட்சைப் போடுங்கள். வெறும் தொட்டி சூடானால் சூடாக்கும் கம்பிச்சுருள் கெட்டுவிடும்.

தொட்டியே இல்லாத மாடல் என்றால் வேலை பாதி மிச்சம். மூக்கு, தட்டு, டியூப் அவ்வளவுதான். யூவி விளக்கு இருக்கிறதே என்று சிலர் சும்மா இருப்பார்கள். அந்த ஒளி படும் தண்ணீரைத்தான் அது பார்த்துக்கொள்ளும், மூக்கில் படிந்ததை அல்ல.

கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க 45 டிகிரி பட்டனை நம்புபவர்கள் நிறைய. பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குறைந்தது 70 டிகிரி தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த வேலைக்கு மட்டும் கெட்டிலில் கொதிக்க வைத்துக் கலந்து, குடிக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுங்கள்.