பாட்டி வாசிக்க விடாத நிருபங்கள்

அன்புள்ள ஐயா,

மார்ட்டின் லூதர் கிங் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். ஒன்று பிடிபடவில்லை. சாட்டையால் அடித்தவனின் மதம்தானே அது? அமெரிக்கக் கறுப்பர்கள் அதைத் தூக்கி எறியாமல் ஏன் பிடித்துக்கொண்டார்கள்? சபை அவர்களை விடுவித்ததா, பொறுத்துப்போகப் பழக்கியதா?

கா., மதுரை

அன்புள்ள கா.,

இதே கேள்வியை 1935-லேயே கொழும்பில் கேட்டுவிட்டார்கள். ஹாவர்ட் தர்மன் என்ற கறுப்பினப் போதகர் அங்கே சட்டக் கல்லூரியில் பேசினார். பேச்சு முடிந்ததும் ஒருவர் அவரிடம், உங்களை அடிமையாக விற்றவர்களின் மதத்தோடு வந்து நிற்கிறீர்களே, இது துரோகம் இல்லையா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்.

தர்மன் ஏன் அந்த மதத்தை விடவில்லை என்று புரிந்துகொள்ள அவருடைய பாட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிமையாகப் பிறந்தவர், எழுத்து வாசனை கிடையாது. பேரன்தான் வேதாகமம் வாசித்துக் காட்டுவான். அதில் பவுல் என்ற அப்போஸ்தலர் எழுதிய கடிதங்களை, அதாவது நிருபங்களை மட்டும் எடுக்க விடமாட்டார், அன்பைப் பற்றிய அந்த ஒரு அதிகாரம் எப்போதாவது தப்பிக்கும். காரணம், எஜமானின் போதகர் வந்தபோதெல்லாம் பவுலின் வசனத்தைத்தான் எடுப்பாராம்: அடிமைகளே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள். (நம் பழைய மொழிபெயர்ப்பு ‘வேலைக்காரரே’ என்று நாசூக்காகச் சொல்லும்.) சுதந்திரம் வந்தால் அந்தப் பகுதியைத் தொடமாட்டேன் என்று பாட்டி அன்றே சபதம் எடுத்திருந்தார்.

எஜமானர்களும் கத்தரி வைத்தார்கள். கரீபியத் தோட்ட அடிமைகளுக்கென்று 1807-இல் லண்டனில் அச்சான வேதாகமத்தில், அடிமைப்பட்டிருந்த ஜனங்களை மோசே எகிப்திலிருந்து மீட்டுவந்த கதையே கிடையாது. ஆனால் அடிமைகள் இரவில் காட்டுக்குள் ரகசியமாகக் கூடிப் பாடியது அந்த மோசேயைத்தான். சத்தம் வெளியே போகாது என்று நம்பி இரும்புப் பானையைக் கவிழ்த்து வைத்துக்கொள்வார்கள். அதனால் அவர்கள் எஜமானின் மதத்தை அப்படியே வாங்கிக்கொண்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்புறம், சபை என்பது வெறும் ஜெபக்கூட்டம் இல்லை. 1955 டிசம்பர் 5 இரவு, அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், பேருந்தில் கறுப்பர்களைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்த புறக்கணிப்பைத் தொடர்வது என்று முடிவானது ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில். 381 நாள் நடந்தது. ஆட்களை ஏற்றி இறக்கிய வேன்களில் பல, சபைகளின் பெயரில் வாங்கியவை. போதகர்கள் ஏன் முன்னால் நின்றார்கள்? கறுப்பின ஆசிரியரை வெள்ளை அதிகாரி ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பலாம். போதகருக்குச் சோறு போட்டது சபையின் காணிக்கை. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கேக்கும் சாப்பாடும் விற்று வாராவாரம் கூட்டத்தில் பணம் கொடுத்தார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் வேலை போகும். அதனால், எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்பதே பதில். அவர்கள் குழுவின் பெயரே அதுதான்.

சரி, பொறுத்துப்போகச் சொன்ன சபையும் இருந்தது, மறுக்கவில்லை. பெண்கள் நிறைந்த சபைகள் அவர்களைப் பிரசங்க மேடையில் ஏற்ற எத்தனை காலம் எடுத்துக்கொண்டன! நாட்டின் மிகப் பெரிய கறுப்பின பாப்டிஸ்ட் அமைப்பின் தலைவர் ஜோசப் ஜாக்சனுக்குக் கிங்கின் போராட்டமுறை பிடிக்கவே இல்லை. 1961-இல் அமைப்பே உடைந்து, கிங்கின் பக்கம் நின்றவர்கள் தனியாகப் போனார்கள். கிங் கொல்லப்பட்டபின் சிகாகோவில் ஜாக்சனின் ஆலயம் இருந்த சாலைக்குக் கிங்கின் பெயரை வைத்தார்கள். மனிதர் ஆலய வாசலைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிக்கொண்டார், முகவரியில் அந்தப் பெயர் வராமலிருக்க.