இரண்டு வாரம் வீடு பூட்டியிருந்தால் பைப் உறையுமா?

குளிர்காலத்தில், வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வை மூடிவிட்டு, வீட்டைச் சூடாக வைக்கும் ஹீட்டிங்கையும் அணைத்துவிட்டு இரண்டு வாரம் வெளியூர் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வால்வை மூடுவது சரி, ஆனால் அது மட்டும் போதாது, ஏனென்றால் பைப்புக்குள் ஏற்கெனவே நிற்கிற தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், அந்தப் பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் தண்ணீரின் அழுத்தம்தான் பெரும்பாலும் பைப்பை வெடிக்க வைக்கிறது. அதனால் முதலில் வாட்டர் ஹீட்டரை அணையுங்கள் (தொட்டி காலியாக இருக்கும்போது சூடேறினால் அது போச்சு), அப்புறம் மாடியில் தொடங்கிக் கீழ்த்தளம் வரை எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிட்டு, அப்படியே திறந்தே வையுங்கள். டாய்லெட்டையும் ஃப்ளஷ் செய்துவிடுங்கள். வெளிக் குழாயில் ஹோஸ் மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.

ஹீட்டிங்கை மட்டும் அணைக்க வேண்டாம். 13 டிகிரி செல்சியஸில் ஓடட்டும். மிச்சம் பிடிக்கிற காசு சுவரை உடைத்துப் பைப் மாற்றக் காணாது.