இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஏன் சேர்த்துப் போடக் கூடாது?

கர்ப்பிணிகள் பலரும் கேட்பது இது: "ரெண்டு மாத்திரை கொடுத்தாங்க, ரெண்டையும் காலையில டீயோட போட்டுக்கலாமா?" வேண்டாம்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து வேண்டும். மாதவிடாயில் அது ரத்தத்தோடு வெளியே போகிறது. கர்ப்பத்தில் குழந்தையும் பங்கு கேட்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால்தான் இந்த மாத்திரை வீணாகப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

சிறுகுடலின் தொடக்கத்தில்தான் இரும்பு பெரும்பாலும் உள்ளே ஏறுகிறது. ஒற்றை வாசல் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் கால்சியம் கூட்டமாக நின்றால் இரும்பு கீழேயே நின்றுவிடும். டீ, காபியில் உள்ள துவர்ப்புப் பொருளோ இரும்பின் கையைப் பிடித்து ஏறவே விடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக ஏறும். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம், தவறில்லை.

கடையில் வாங்குவதானால் அட்டையைத் திருப்பி 'எலிமென்டல் அயர்ன்', அதாவது மாத்திரையில் உள்ள அசல் இரும்பின் அளவைப் பாருங்கள். மாத்திரையின் மொத்த எடை முழுவதும் இரும்பு இல்லை. எவ்வளவு வேண்டும் என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

மலம் கருப்பாகப் போனதும் 'மாத்திரை ஒத்துக்கலை' என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது உடம்பு எடுத்துக்கொள்ளாத மீதி இரும்பின் நிறம், ஆனால் தார்போல ஒட்டினாலோ வயிற்றுவலி இருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.