‘தீர்ந்துபோச்சு அத்தை’ என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். பூமிக்குக் கேடு செய்யாத சாப்பாடுதான் வேண்டும் என்று ஒரு வருடமாகச் சமையலறையையே மாற்றிவிட்டேன். பசும்பால் கிடையாது, பாதாம் பால்தான். அரிசிக்குப் பதில் கினோவா, காலையில் அவகாடோ. கணவர் இதில் தலையிடுவதில்லை. பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் மாமியாருக்குத்தான் எதுவும் புரியவில்லை. பொங்கலுக்கு வந்தவர், எனக்குத் தெரியாமல் என் ஆறு வயது மகனுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, பெரிய சண்டையாகிவிட்டது. மாதாமாதம் பஸ்ஸில் கேழ்வரகு மாவு வேறு போட்டு அனுப்புகிறார். சமைக்க நேரமில்லாமல் வண்டு வைத்துவிடுகிறது. குப்பை வண்டியில் போட்டுவிட்டு, அவர் கேட்டால் ‘தீர்ந்துபோச்சு அத்தை’ என்று சொல்லிவிடுவேன். சுற்றுச்சூழல் பற்றி இவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அத்தைக்குப் புரியவைப்பதை அப்புறம் பார்க்கலாம். போகிற போக்கில் ஒரு மாவு மூட்டையைச் சொல்லிவிட்டுப் போனீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

கேழ்வரகு தானியமாக இருந்தால் அவ்வளவு எளிதில் வண்டு வைக்காது. பஞ்ச காலத்துக்கென்று குழியிலும் குதிரிலும் வருடக்கணக்கில் போட்டுவைத்த தானியம் அது. மாவாக்கினால்தான் கெடும். உங்கள் மாமியாருக்கு இது தெரியாதா? தெரிந்தும் மாவாக அனுப்புகிறார் என்றால், மருமகள் வேலைக்குப் போகிறாள், மில்லுக்கு அலைய முடியாது என்று நினைத்துத்தான் இருக்கும். கல் மண் போகப் புடைத்து, கழுவி, காயவைத்து, மில்லில் வரிசையில் நின்று அரைத்து, சூட்டோடு கட்டினால் வீணாகிவிடும் என்று துணியில் விரித்து ஆறவைத்து, பிறகு அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வருகிறார். அதைத்தான் நீங்கள் குப்பை வண்டியில் போடுகிறீர்கள். போட்டதைக்கூட நேரமின்மை என்று விட்டுவிடலாம். ‘தீர்ந்துபோச்சு’ என்று சொன்னதை என்னால் விட முடியவில்லை. பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று நம்பித்தானே அவர் அடுத்த மாதமும் அரைக்கிறார்? அந்தப் பொய்தான் அடுத்த மூட்டையை வரவழைக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாலை ஏன் நிறுத்தினீர்கள்? மாடுகள் வெளியிடும் மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது என்பதால்தானே. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குப்பைமேட்டில் மற்ற குப்பைக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும் சாப்பாட்டிலிருந்தும் அதே மீத்தேன்தான் வருகிறது. 2022-இல் உலகம் முழுக்க வீடுகள், கடைகள், ஹோட்டல்கள் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீட்டு அடுக்களைகளில் இருந்து போனது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கு சொல்கிறது. உலகம் வெளியிடும் வெப்ப வாயுக்களில் 8 முதல் 10 சதவீதம், வயலில் தொடங்கி அடுக்களை வரை வீணாகும் உணவால் வருகிறது. இதை ஒரு வருடமாக இந்த விஷயத்தையே படித்துவரும் நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

பாதாம் பாலுக்கு வெளியாகும் வாயு பசும்பாலைவிடக் குறைவு, சரி. ஆனால் உலகத்தின் பாதாமில் ஏறத்தாழ 80 சதவீதம் விளைகிற கலிஃபோர்னியா, அடிக்கடி வறட்சியில் சிக்கி, நிலத்தடி நீரை உறிஞ்சித்தான் அந்த மரங்களைக் காப்பாற்றுகிறது. கப்பலில் வருவதைக் குற்றம் சொல்லவில்லை, உணவால் வரும் வாயுவில் போக்குவரத்தின் பங்கு சிறியதுதான். ஆனால் உங்கள் மாமனார் ஊர்ப் பக்கம் ஆடியில் விதைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, ஊடே அவரையும் போட்டு, கார்த்திகை மார்கழியில் அறுக்கிற மானாவாரிக் கேழ்வரகைவிடக் குறைந்த தண்ணீரில் விளைகிற எதை நீங்கள் கடையில் வாங்கிவிட்டீர்கள்? 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்த வருடத்திலிருந்து தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரசே கேழ்வரகு கொடுக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பாலை நிறுத்திய வீட்டில், வளர்கிற பிள்ளைக்கு முதலில் கொடுக்கவேண்டியதே அதுதான். பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு, அதை மட்டும் நம்பிப் பையனை வளர்க்காதீர்கள்.

உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் வருவதே ஒரு வரி. ‘தலையிடுவதில்லை’. அவரைப் பெற்றவள் அரைத்த மாவு, அவர் வீட்டு வாசலிலேயே குப்பை வண்டி ஏறுகிறது, அவர் தலையிடவில்லை. இதைப் பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள். கஷ்டமான பேச்சையெல்லாம் மனைவி தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது எத்தனையோ வீடுகளில் பார்த்த பழைய வழக்கம். இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.

இன்றைக்கே போன் செய்யுங்கள், அவரும் பக்கத்தில் இருக்கட்டும். ‘அத்தை, மாவு வீணாப்போச்சு, உங்ககிட்ட மறைச்சுட்டேன்’ என்று சொல்லுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள், நியாயமான திட்டு. அப்புறம் உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு தேவை என்று அளவு சொல்லி, மாவு வேண்டாம், தானியமாகவே அனுப்பச் சொல்லுங்கள். தேவையானபோது ஒரு கிலோ இரண்டு கிலோ அரைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் மாவு மில் இல்லாத பேட்டை சென்னையில் குறைவு. சந்தை விலையைக் கணக்குப் பார்த்துப் பணமும் அனுப்புங்கள். பிள்ளையிடம் எதற்குக் காசு என்று மறுப்பார்கள், ஆனாலும் அனுப்புங்கள். கடையில் கினோவாவுக்குக் கேட்ட விலையை யோசிக்காமல் கொடுக்கிறீர்களே, அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வையுங்கள். கட்டிதட்டாமல் கிண்ட வராவிட்டால் வீடியோ காலில் அவரிடமே கேளுங்கள். பால் விஷயத்தில் குழந்தை மருத்துவரைப் பார்த்து, பையனுக்கு எவ்வளவு புரதம் வேண்டும், எதிலிருந்து கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு அத்தையிடம் பேசுங்கள். அவர் கேட்பார். ஆனால் மாவு மூட்டையைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பேச்சை எடுக்கவேண்டும்.