வன்தட்டு மந்தமா? முதலில் 4096 ஆல் வகுத்துப் பாருங்கள்

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கணினி மந்தமாகிவிட்டது என்ற முறைப்பாடும் அதோடு கூடிவிடும். இம்முறை வந்த கேள்விகளில் பல ‘அலைன்மென்ட்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றி வந்தன: பார்ட்டிஷன், அதாவது தட்டில் பிரித்த பகுதி, சரியான எல்லையில் தொடங்குகிறதா என்பது. அது பிசகுவது உண்மையான கோளாறுதான். ஆனால் கேட்டவர்களில் ஒருவருக்குத்தான் அந்தப் பிசகு இருக்கிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வன்தட்டை அப்படியே எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத தட்டு) குளோன் செய்தேன். இப்போது விண்டோஸ் 7 ஓடுகிறது. படங்களைத் திறப்பதில் குறையில்லை. கல்யாணப் படங்களை நூற்றுக்கணக்கில் சேமிக்கும்போது இழுக்கிறது. பார்ட்டிஷன் தொடக்கம் 32,256 பைட் என்று காட்டுகிறது.
*களுவாஞ்சிகுடி, புகைப்படக் கலையகம்*

அந்த ஒருவர் நீங்கள்தான். 32,256 என்பது 63 தரம் 512. ஒரு தடத்தில் 63 செக்டர் (தட்டு ஒரே தடவையில் எழுதும் சிறு துண்டு) என்று கணக்கு வைத்திருந்த காலத்து வழக்கப்படி, எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில் தொடங்கும். செக்டர் 512 பைட்டாக இருந்தவரை அதனால் கேடில்லை. 2011 அளவில் வன்தட்டுகள் 4096 பைட் செக்டருக்கு மாறின. எஸ்எஸ்டியும் 4096 அல்லது அதன் மடங்கான பக்கங்களாகவே எழுதுகிறது. 32,256ஐ 4096 ஆல் வகுத்தால் 7.875. மீதி விழுகிறது அல்லவா, அதுதான் நோய்.

வயல் வட்டையில் வரம்புகள் ஏற்கெனவே கட்டியாயிற்று என்று வையுங்கள். பங்கு பிரிக்க வந்தவர் கயிற்றை வரம்பிலிருந்து நாலடி தள்ளிப் பிடித்துவிட்டார். இனி ஒவ்வொரு பங்கின் நடுவிலும் வரம்பு ஓடும். ஒருவருக்குத் தண்ணீர் பாய்ச்ச இரண்டு வரம்பை வெட்ட வேண்டும். கணினியும் ஒரு துண்டை எழுத இரண்டு செக்டர்களை வாசித்து, திருத்தி, இரண்டையும் திரும்ப எழுதுகிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கே 11 மில்லிசெக்கன் போகிறது. எஸ்எஸ்டியில் தாமதம் அந்தளவுக்கு இராது, நூற்றுக்கணக்கில் எழுதும்போதுதான் தெரியும்; வீண் எழுத்தால் அதன் ஆயுளும் குறையும். வாசிப்பில் பெரிய பாதிப்பில்லை. உங்கள் படங்கள் சட்டென்று திறந்து, சேமிக்கும்போது மட்டும் இழுப்பது அதனால்தான்.

எக்ஸ்பி பிரித்த இடத்திலேயே விண்டோஸ் 7ஐ நிறுவினால் கோணல் போகாது. கோணலாக வைத்த தாளின் நகல் கோணலாகவே வரும், குளோனும் அப்படித்தான். படங்களை வேறு தட்டுக்கு எடுத்துவிட்டு, பார்ட்டிஷன்களை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுங்கள். விஸ்டாவுக்குப் பிந்திய விண்டோஸ் எல்லாமே 1,048,576 பைட்டில் தொடங்கும்; 4096 ஆல் மீதியின்றி 256 தரம். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கணினியில் தட்டை இணைக்கும் வழி பழைய சாட்டா 2 என்றால் விநாடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு அலைன்மென்ட் பொறுப்பில்லை.

எனக்கு 1,048,576 என்று காட்டுகிறது. ஆனாலும் காலையில் திறந்தால் கால் மணி நேரம் டிஸ்க் 100 வீதத்திலேயே நிற்கிறது. விண்டோஸ் 10, சுழலும் வன்தட்டு, நினைவகம் 4 ஜிபி.
*ஆரையம்பதி, ஆசிரியை*

டீச்சர், உங்கள் வரம்பு நேராகத்தான் இருக்கிறது. அதைக் கலைக்கச் சொல்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ (சரியாக வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்) எண்ணிக்கை பூச்சியமா என்று பாருங்கள். இல்லையென்றால் தட்டு சாகத் தொடங்கியிருக்கலாம். வினாத்தாள்களை இன்றே பிரதி எடுங்கள். பூச்சியம் என்றால், சுழலும் வன்தட்டில் 4 ஜிபி நினைவகத்தோடு விண்டோஸ் 10 படும் பாடு அது. ஒரு சாதாரண எஸ்எஸ்டி போதும்.

ஒரே தட்டை நாலாகப் பிரித்தால் வேகம் கூடுமா?
*சம்மாந்துறை, அரிசி ஆலை*

கூடாது. வன்தட்டில் வாசிக்கும் தலைகள் எல்லாம் ஒன்றாகத்தான் நகரும்; அவை ஓடவேண்டிய தூரம்தான் கூடும்.

எஸ்எஸ்டியை டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்த்தல்) செய்யலாமா?
*வாழைச்சேனை*

வேண்டாம். அழித்த கோப்புகளின் இடம் எதுவென்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ‘ட்ரிம்’ வேலையை விண்டோஸ் தானாகவே செய்துகொள்ளும். அதை நிறுத்தாமல் விட்டால் சரி.

தரவு அழியாமல் பார்ட்டிஷனை நகர்த்தலாம் என்கிறார்கள். அதற்கு ஜிபார்ட்டெட் என்ற மென்பொருள் போதுமா?
*அக்கரைப்பற்று, உயர்தர மாணவன்*

போதும் தம்பி. ‘அலைன் டு’ என்ற இடத்தில் எம்ஐபி (1,048,576 பைட்) என்பதைத் தெரிவுசெய்தால் சரியான இடத்தில் தொடங்கும். ஆனால் அது முழுத் தட்டையும் துண்டு துண்டாகத் தூக்கி வேறிடத்தில் வைக்கிற வேலை. பெரிய தட்டென்றால் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் மின்சாரம் போனால் பழைய இடத்திலும் முழுமையாக இராது, புதிய இடத்திலும் இராது. முடிந்தபின் விண்டோஸ் எழும்ப மறுத்தால் நிறுவல் வட்டால் தொடக்கத்தைப் பழுதுபார்க்க வேண்டியும் வரலாம். ஆகவே முதலில் பிரதி. மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதே. மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளென்றால் மறுநாள் பார்த்துக்கொள்.