வயது இரண்டு நாளில் ஆகிவிடாது: ஞாபக மறதி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 67. தெரிந்தவர் எதிரே வந்து நிற்கிறார், பெயர் வரமாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு பளிச்சென்று வருகிறது. மறதி நோயா?

பதில்: தானாக வந்துவிடுகிறதே, அது நல்ல சேதி. பெயர் பத்திரமாக இருக்கிறது, எடுத்துத் தரும் வேகம்தான் குறைந்திருக்கிறது. பழகிய கடைத்தெருவிலிருந்து வீடு திரும்ப வழி தெரியாமல் நின்றால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 76. முந்தாநாள் வரை நன்றாக இருந்தார். இப்போது ராத்திரி தூங்காமல், இறந்துபோன சித்தப்பா வாசலில் நிற்பதாகச் சொல்கிறார். “வயசாயிடுச்சு, விடு” என்கிறார் அண்ணன்.

பதில்: வயது இரண்டு நாளில் ஆகிவிடாது. அல்சைமர் என்ற மறதி நோய் மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். இப்படித் திடீரென்று வரும் குழப்பத்தை டெலிரியம் என்போம். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, ஏன், கடும் மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம். காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இந்த வயதில் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துப் போங்கள். நீர் பிரிய வைக்கும் சில பிரஷர் மாத்திரைகள் சோடியத்தை இறக்கிவிடும். சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின், தூக்க மாத்திரை எல்லாமே சந்தேகத்துக்குரியவைதான். அதுவரை விளக்கு எரியட்டும், மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சித்தப்பா வரவில்லை என்று அவரோடு வாதாட வேண்டாம்.

கேள்வி: அப்பா தன் 1971 கல்யாணச் செலவைப் பைசா சுத்தமாகச் சொல்கிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் முழிக்கிறார். ஒரு வருடமாக இப்படி.

பதில்: பழசு நினைவிருக்கிறதே என்று திருப்திப்பட முடியாது. அல்சைமரில் முதலில் அடிவாங்கும் மூளைப் பகுதிகளில் ஒன்று, புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ். பழையவை வெகுநாள் தாக்குப்பிடிக்கும். நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். ஆனால் பெரிய பெயர் சூட்டுமுன் வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு, காது கேட்கும் திறன் நான்கையும் பார்த்துவிட வேண்டும். பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடும் சுத்த சைவர் என்றால் பி12 பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: சுடோகு, வல்லாரை உதவுமா?

பதில்: சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். வல்லாரைத் துவையலை ருசிக்காகச் சாப்பிடுங்கள். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. பிரஷர், சர்க்கரை, புகை, உடலசைவின்மை, தனிமை, காது மந்தம் எல்லாம் அதில் உண்டு. வாங்கிய காதுக்கருவி பீரோவில் தூங்கினால், முதலில் அதை எடுத்து மாட்டுங்கள்.