இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக் அணிகளுக்கும் அடுத்த பிரிவு அணிகளுக்கும் ஏன் இவ்வளவு பண இடைவெளி?

வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பண இடைவெளி என்பது இரு பிரிவு அணிகளின் ஆண்டு வருமானத்துக்கு இடையிலான வித்தியாசம். முக்கியக் காரணம், போட்டிகளை ஒளிபரப்பும் உரிமைக்குத் தொலைக்காட்சிகள் தரும் பணம். 1992-இல் இங்கிலாந்தின் மேல் பிரிவு அணிகள் பிரீமியர் லீக் என்ற தனி லீக்காகப் பிரிந்து, அந்தப் பணத்தின் பெரும்பகுதியைத் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டன. 2023-24 பருவத்தில் கடைசி இடம் பிடித்த ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கே சுமார் 11 கோடி பவுண்டு கிடைத்தது!

இது நம்மூர் மீன்பிடிப்பு போலத்தான். காசிமேட்டு விசைப்படகு ஐஸும் டீசலும் நிரப்பிக்கொண்டு ஆழ்கடலில் பல நாள் தங்கும். அந்த மீன் விற்ற காசே அடுத்த பயணத்துக்கு முதலீடு. கரையோர ஃபைபர் படகில் எவ்வளவு கைதேர்ந்த மீனவர் இருந்தாலும் அந்த முதலீடு சேராது; கீழ்ப் பிரிவு அணிகளின் நிலையும் இதுதான். திறமை இருந்தும் எட்டாமல் போவதுதான் அநியாயம்.

பிரீமியர் லீக்கில் கடைசி இடங்களைப் பிடித்துக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய அணி உடனே ஏழையாகிவிடும் என்று பலர் நினைப்பது தவறு. அதற்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் லீக்கிலிருந்து பணம் வருகிறது, அது கீழ்ப் பிரிவிலேயே இருக்கும் அணிகளை மேலும் பின்தள்ளுகிறது.